சலவைக்கூடத்து வாசலில் நிற்கும் பஸ்

என் அத்தை ஓட்டிய பஸ், ஸ்டாப் இல்லாத ஓர் இடத்தில் தினமும் நிற்கும்.

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கப்பாதைக்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தில் ஒரு பெரிய இரும்புக் கேட் பூட்டிக் கிடக்கும். அங்கே வந்ததும் அத்தை வேகத்தைக் குறைப்பாள். விரல் சுவிட்சுக்குப் போகும். புஸ்ஸென்ற காற்றுச் சத்தத்தோடு கதவு மடிந்து திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள், யாரும் இறங்கவும் மாட்டார்கள். அத்தை கேட்டின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். கதவு மூடும். வண்டி சுரங்கப்பாதைக்குள் இறங்கும்.

தினமும் வருகிற பயணிகளுக்கு இது பழகிவிட்டது. ஆனாலும் கிண்டலை விட மாட்டார்கள்.

"டிரைவரம்மா, இப்ப ஏறுச்சே, அதுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சு. உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கண்டக்டரை எல்லாரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு என்ற கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் விசில், படியில் நின்றால் விசில், தூங்கி வழிந்தால் காதுக்குள் விசில். ஆனால் அந்த கேட்டுக்கு முன்னால் மட்டும் அவர் வாயில் விசில் இருக்காது. கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்.

நான் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் அந்த பஸ்ஸில்தான் போனேன். அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய அறை. ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை. காலையில் நான் தலை வாரி முடிப்பதற்குள் அவள் டிப்போவுக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு வந்துவிடுவாள். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் ஒற்றை சீட்டில் நான் உட்காருவேன். அதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த கேட் கண்ணில் பட்டதும் அத்தை திரும்பாமலே சொல்வாள்:

"எந்திரி."

எழுந்து நிற்க வேண்டும். கதவு திறந்து மூடிய பிறகு, "உக்காரு" என்பாள். உட்காரலாம். நான் இல்லாத நாளில் அந்த சீட்டில் யார் இருந்தாலும் இதே கதைதான். ஒருமுறை கோட்டும் டையுமாக ஏறிய ஒரு பெரிய மனிதரையே எழுப்பி நிற்க வைத்தாள். அவர் ஏதோ சோதனை நடக்கிறது என்று நினைத்து பையைத் திறந்து காட்டினாராம். விசில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சின்ன வயதில் இதை நான் கேள்வி கேட்டதில்லை. பெரியவர்கள் செய்வதில் பாதி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம், எதையும் ஏன் என்று கேள் என்பது. கேட்க ஆரம்பித்தேன். வீட்டில் எல்லாருக்கும் அது தொல்லையாகிப் போனது. "படிக்க அனுப்புனா போலீஸ் வேலை பாக்குது," என்று அம்மா அலுத்துக்கொண்டாள். அத்தையிடம் கேட்டபோது, "நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் வருதா?" என்று எதிர்க் கேள்வி போட்டுவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

விசில்தான் முதலில் சொன்னார். பிறகு அத்தையும் விட்ட இடங்களை நிரப்பினாள். இரண்டு பேரின் கதையும் சில இடங்களில் ஒத்துப் போகாது. விசில் சொன்னால் தண்ணீர் கூரை வரை இருக்கும், அத்தை சொன்னால் இடுப்பு வரைதான் இருக்கும். நான் நடுவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை. மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்த மழை மதியத்துக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டது. அத்தை கடற்கரைக்குப் போகும் வண்டியை ஓட்டிக்கொண்டு சுரங்கப்பாதைக்கு வந்தாள். அன்றைக்கு அந்த இரும்புக் கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். அத்தை தினமும் அதைக் கடந்து போயிருக்கிறாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

சுரங்கப்பாதைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் வண்டி இறங்கலாம், கோட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். அந்தத் தடத்தில் ஓட்டும் எல்லா டிரைவருக்கும் அது பழக்கம். தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்ப்பார்கள். மழைக்குச் சில நாள் முன்னால்தான் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளையடித்தவர் பழைய கோட்டின் மேலேயே அடித்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து, கண் மதிப்பில் புதுக் கோடு ஒன்று இழுத்திருக்கிறார். ஏணியில் நின்றபடி இழுத்தாரோ என்னவோ, பழைய கோட்டைவிட நல்ல உயரத்தில் இருந்தது. கோடு பளிச்சென்று இருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே இருந்தது. அத்தை இறங்கிவிட்டாள்.

பாதிச் சரிவிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் லேசாகிப் போனது என்பாள். "கையில பிடிச்சிருக்கேன், ஆனா எதையும் பிடிச்ச மாதிரி இல்ல." இன்ஜின் ஒரு தும்மல் தும்மி நின்றது. வண்டியின் மூக்கு கீழேயும் முதுகு மேலேயுமாக நின்றுவிட்டது. பின்னால் சாலையிலிருந்து தண்ணீர் ஓடை மாதிரி சரிவில் இறங்கி வந்து வண்டியை மோதியது. படிக்கட்டில் தண்ணீர் ஏறியது. கதவு வெளிப்பக்கம் மடிகிற கதவு. வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்ததால் அத்தை சுவிட்சைத் தட்டியும், விசில் தோளால் முட்டியும், அசையவே இல்லை.

"ஒண்ணும் ஆகல, எல்லாரும் பின்னாடி போங்க," என்று அத்தை சொன்னாள். குரல் தனக்கே புதிதாக இருந்தது என்றாள் என்னிடம். பின்பக்கம்தான் மேடு. ஜனம் பின்னால் நகர்ந்தது. முன் சீட்டுகள் முழுக ஆரம்பித்தன. அத்தை வண்டியின் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்ப் பின்பக்கக் கண்ணாடியை உடைத்தாள். வழி கிடைத்தது. ஆனால் வெளியே இறங்க முடியாது. சரிவில் வருகிற தண்ணீரின் இழுப்பு ஆளைத் தூக்கி வண்டிக்கு அடியில் செருகிவிடும். மழைச் சத்தத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

விசில் உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, தன் விசிலை ஊத ஆரம்பித்தார். மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

சலவைக்கூடத்தில் வழக்கமாக இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அன்றைக்கு மழையில் மின்சாரம் போய்விட்டது. இயந்திரங்கள் பாதிச் சலவையில் நின்றுவிட்டன. அதனால்தான் விசில் கேட்டது. கேட்டு முதலில் வெளியே வந்தவள் ஒரு பருத்த பெண். ஈர விரிப்பின் ஒரு முனை அவள் கையிலேயே இருந்தது. இயந்திரம் நின்றுவிட்டதால் உள்ளே எல்லாரும் கையால் பிழிந்துகொண்டிருந்தார்கள். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், எதிரெதிராக முறுக்குவார்கள். அந்த அம்மா விரிப்பைப் பிடித்த பிடியை விடாமலே வாசலுக்கு வந்து சுரங்கப்பாதையை எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே ஒரு சத்தம் போட்டாள்.

அந்தச் சத்தத்தை விசில் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். "பிழிஞ்சதைப் பூரா எடுத்துட்டு வாங்கடி. பிரிக்காதீங்க. முறுக்கு முறுக்காவே கொண்டாங்க."

முறுக்கிய ஈர விரிப்புகளை முனைக்கு முனை முடிச்சுப் போட்டார்கள். ஒரு முனையைச் சரிவின் ஓரத்திலிருந்த இரும்புக் கம்பியில் கட்டினார்கள். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவர், இதைப் பார்த்ததும் லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். கயிற்றின் மறுமுனையை டியூபில் கட்டி, டியூபுக்குள் தான் நுழைந்துகொண்டு, தண்ணீரோடு தண்ணீராக வண்டியின் முதுகுக்கு வந்து சேர்ந்தார். அவர் அத்தையிடம் பேசிய முதல் வார்த்தை:

"யக்கா, கண்ணாடிச் சில்லைத் துடைச்சு விடுங்க. டியூப் கிழிஞ்சா என்கிட்ட வேற பேட்ச் இல்ல."

ஆளுக்கு ஒருவராக டியூபில் ஏற்றினார்கள். பஞ்சர் கடைக்காரர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வர, மேலே சலவைக்கூடத்து ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தார்கள். அந்த அம்மாவின் குரல்தான் தாளம். பிழியும்போது சொல்கிற அதே தாளம். "ம்ம்… வா. ம்ம்… வா." முதலில் பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். டியூபில் குழந்தையை எப்படி வைப்பது என்று அத்தை தவித்தபோது, மேலிருந்து துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கயிறு கட்டி இறக்கினார்கள். குழந்தையைத் தொட்டியில் படுக்க வைத்து, தாய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டியூபில் போனாள். தொட்டி ஆடி ஆடிப் போனதில் குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டது. கரை சேர்ந்து, அத்தனை பேரும் எட்டிப் பார்த்த பிறகுதான் வீல் என்று அழுதது.

நல்ல உடம்புக்காரர் ஒருவர், எங்கேயோ காவலாளியாக வேலை செய்பவர், கடைசிவரை பின்வாங்கிக்கொண்டே இருந்தார். "மத்தவங்க போகட்டும். எனக்கு அவசரமில்ல."

அவசரமில்லாதவரின் மார்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. கயிறு தாங்குமா என்பதுதான் அவருடைய கவலை என்று அத்தைக்குப் புரிந்தது. மேலே கத்திக் கேட்டாள். பதில் உடனே வந்தது.

"ஆஸ்பத்திரி விரிப்பு அது. உங்களைவிடப் பெரிய ஆளுங்க படுத்துப் புரண்டதுதான். வாங்க சார், வெக்கப்படாம."

தண்ணீருக்குள் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவரும் போனார். கயிறு தாங்கியது. விசில் போனார், போகும்போதும் ஊதிக்கொண்டே போனார். கடைசியில் அத்தை மட்டும் வண்டிக்குள் இருந்தாள்.

பஞ்சர் கடைக்காரர் டியூபோடு வந்து நின்றார். அத்தை ஏறவில்லை.

டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிய பிறகு, வண்டியைப் பூட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தூங்கிவிட்டவர்கள் இருப்பார்கள், மறந்துவிட்டுப் போன பை இருக்கும். அத்தை அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இப்போது சீட்டுகள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. எல்லாரும் போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பார்க்கவில்லையே. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்பிகளைப் பற்றியபடி, கையால் சீட்டுகளுக்கு இடையே துழாவ ஆரம்பித்தாள்.

"யக்கா, வாங்கக்கா," என்று பஞ்சர் கடைக்காரர் கெஞ்சினார். காதில் விழவில்லை. அவர் மேலே பார்த்துக் கையை விரித்தார்.

அப்போதுதான் அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அது அத்தைக்குப் பிறகுதான் தெரிந்தது. டியூபும் இல்லை. தான் போட்ட முடிச்சுகளையே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துச் சரிவில் வந்தாள். உடைந்த கண்ணாடி வழியாகக் காலை உள்ளே போட்டாள்.

"ஏம்மா. யாரைத் தேடற?"

"யாராவது இருக்காங்களான்னு."

"இருக்காங்களா?"

"தெரியல அக்கா. பாக்கணும்."

திட்டி இழுத்துப் போவாள் என்று அத்தை நினைத்திருக்கிறாள். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி. நீ அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

இரண்டு பேரும் பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு சீட்டாகக் கையால் தடவிக்கொண்டு போனார்கள். ஒரு குடை கிடைத்தது. ஒரு செருப்பு கிடைத்தது. ஏதோ மிருதுவாகத் தட்டுப்பட்டு அத்தைக்கு உயிரே போய்விட்டது, எடுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிப் பையின் தோள்பட்டை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை சீட்டு வரை போய்விட்டுத் திரும்பினார்கள். யாரும் இல்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது.

"பாத்தாச்சா? இப்பப் போலாமா?"

அத்தையால் கம்பியை விட முடியவில்லை. கை மரத்துப் போய்விட்டதா, மனம் மரத்துப் போய்விட்டதா, அவளுக்கே தெரியவில்லை. உள்ளே இறக்கியவள் நான்தானே என்ற ஒன்றுதான் தலைக்குள் சுற்றியதாம். அந்த அம்மா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அவசரமே இல்லாத மாதிரி பேச்சுக் கொடுத்தாள்.

"உன் வண்டி எதுவரைக்கும் போவும்?"

"கடற்கரை."

"நானும் பாக்கறேன். தினம் கடற்கரை கடற்கரைன்னு போர்டைப் போட்டுக்கிட்டு எங்க வாசல்ல நிக்காமப் போவுது. நானும் இத்தனை வருஷமா துணி பிழியறேன், ஒரு நாளாவது ஏறி கடைசி வரைக்கும் போவணும்னு நினைக்கிறது. எங்க போறது? ஸ்டாப்புக்கு நடந்து போறதுக்குள்ள லீவு முடிஞ்சுடும்."

"நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா."

"முன்னாடி சீட்டு வேணும். இப்பத் தடவினோமே, அந்த ஒத்த சீட்டு. பக்கத்துல எவளும் உக்காந்து தோள்ல தூங்கக் கூடாது."

"சரி."

"நீதான் ஓட்டணும். வேற யாரையாவது அனுப்பி வைக்கக் கூடாது."

"நான்தான் ஓட்டுவேன். இங்கயே, உங்க வாசல்லயே நிறுத்தறேன்."

"அப்ப கம்பியை விடு. இன்னிக்கு வேணாம், இன்னிக்கு உன் வண்டி சரியில்ல."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்தபோது கை விட்டுப் போயிற்று. பஞ்சர் கடைக்காரர் அத்தையின் சட்டைக் காலரைப் பிடித்து டியூபில் போட்டார். அந்த அம்மா டியூபின் மறுபக்கம் தொங்கிக்கொண்டாள். மேலே தாளம் சொல்ல ஆளில்லாததால் இழுப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்களாம். தண்ணீருக்குள்ளிருந்தே அவள் கத்தினாள்: "ம்ம்… வா. ஒண்ணா இழுங்கடி, சாகடிச்சிடாதீங்க."

எல்லாரும் பிழைத்தார்கள். எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் எனக்கு மூச்சு லேசாகும். எல்லாரும்.

சலவைக்கூடத்துக்குள் உலர்ந்த விரிப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. யாரும் யாரையும் கேட்கவில்லை, பிரித்துப் போர்த்திவிட்டார்கள். கேஸ் அடுப்பில் டீ கொதித்தது. பயணிகள் அத்தனை பேரும் தலைமுதல் கால்வரை வெள்ளையைச் சுற்றிக்கொண்டு இஸ்திரி மேசைகளிலும் மூட்டைகளின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளியின் மனைவி விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தவள், வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வரிசையாக வெள்ளைத் துணி மூடிய உருவங்கள். அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மூட்டை நகர்ந்தது. "ஏய், நான் இங்கதான் இருக்கேன். டீ குடிக்கிறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது: "குடை எங்க?"

அத்தையும் அந்த அம்மாவும் கொண்டுவந்த குடை அவருடையதுதான்.

அன்று மாலை அத்தை வீட்டுக்கு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, அதன் மேல் ஆஸ்பத்திரி விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மா கதவைத் திறந்து பயந்துபோய் என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாளாம். அத்தை என்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விசாரணை நடந்தது. சுவரில் கோடு தப்பாக இருந்தது என்று எல்லாரும் அத்தைக்காகப் பேசினார்கள். அத்தை மட்டும், "கோட்டைப் பாத்தேன், தண்ணியைப் பாக்கல. அது என் தப்பு," என்றாள். கொஞ்ச காலம் வண்டி தராமல் டிப்போவில் உட்கார வைத்தார்கள். பழைய இடத்தில் கோட்டைத் திரும்ப இழுத்தார்கள், தண்ணீர் இறைக்க மோட்டார் வைத்தார்கள். ஒருவழியாக அத்தைக்கு அதே தடத்தில் வண்டி திரும்பக் கிடைத்தது. முதல் நாள் முதல் ஓட்டத்திலேயே கேட்டுக்கு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

கேட் பூட்டியிருந்தது. அந்த மழையில் இயந்திரங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டதால், சலவைக்கூடத்தை ஊரின் வேறொரு மூலைக்கு மாற்றிவிட்டார்கள்.

லீவு நாளில் அத்தை விரிப்பைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்துப் புது இடத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீங்கதானே முங்குன பஸ்?" என்று சுற்றி நின்று சிரித்தார்கள். விரிப்பைப் பார்த்து, "துவைச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க பாரு, நம்மகிட்டயே," என்று அதற்கும் சிரித்தார்கள். அந்த அம்மாவை அவர்கள் 'சத்தக்கா' என்றுதான் கூப்பிடுவார்களாம். சத்தக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டாள், மகள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு உங்களை இழுத்துப் போட்டுட்டு வந்துச்சு பாருங்க, அப்புறம் ஒரு வாரம் குளிக்கவே பயந்துச்சு," என்றாள் ஒருத்தி. "நீச்சல் தெரியாதே அதுக்கு."

அத்தை அதைக் கேட்டு அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆக, கதவு அதற்காகத்தான் திறந்தது. "அவ எப்பவாச்சும் பழைய ஆளுங்களைப் பாக்கணும்னு இந்தப் பக்கம் வரலாம்ல," என்றாள் அத்தை. "வந்தா இங்கதான் வந்து நிப்பா. ஸ்டாப்புக்கு நடக்க மாட்டா. என் வண்டி நிக்காமப் போச்சுன்னா நல்லா இருக்குமா?" முன் சீட்டில் யார் இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டியதும் அதற்காகத்தான். ஏறுகிறவள் இடத்தைக் கேட்டு நிற்கக் கூடாது.

எனக்கு இதில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வரும். அத்தையைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. அன்றைக்கு அந்தச் சரிவின் மேல் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? கயிறு இழுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். எல்லாரும் இழுக்கும்போது இழுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இறங்கியிருப்பேனா? அதுவும், காலியான வண்டிக்குள், யாரும் இல்லை என்று கிட்டத்தட்டத் தெரிந்த பிறகு, முன்பின் தெரியாத ஒருத்திக்கு மனம் ஆற வேண்டும் என்பதற்காக, அவளோடு சேர்ந்து தண்ணீருக்குள் சீட்டுகளைத் தடவிக்கொண்டு போயிருப்பேனா? ஆளைக் காப்பாற்றுவது எனக்குப் புரிகிறது. அது இன்னும் புரியவில்லை.

ஒருமுறை அத்தையிடமே கேட்டேன். "அவங்க இடத்துல நீங்க இருந்தா இறங்கியிருப்பீங்களா அத்தை?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் வண்டிக்குள்ளதானே இருந்தேன்," என்றாள்.

போன வருடம் அத்தைக்கு ஓய்வு வயது வந்தது. கடைசி நாள் ஓட்டத்தில் நானும் இருந்தேன். கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. அத்தை சொல்வதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். கதவு வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்திருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. பிறகு அத்தை, "உக்காரு," என்றாள். கடற்கரையில் எல்லாரும் இறங்கிய பிறகு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு, சாவியை விசில் கையில் கொடுத்தாள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். காலையில் என்னைவிடத் தாமதமாக எழுந்திருப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். ஒருநாள் நான் சொன்னேன், "இனிமே அவங்களைக் கண்டுபிடிச்சா டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

"நான்தான் ஓட்டுவேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது முடியாமப் போச்சு," என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. செய்யாமல் விட்ட வேலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் வேலைக்கு அதே பஸ்ஸில்தான் போகிறேன். விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை. புது டிரைவர் இளைஞர், நேரத்தில் கறார். நேற்றும் அந்த கேட் வந்தபோது விசில் ஒரே ஒரு விசில் கொடுத்தார்.

டிரைவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இங்க எதுக்குண்ணே தினமும்?"

"ஒருத்தங்க ஏறணும். கதவைத் திற."

கதவு திறந்தது. நான் எழுந்து நின்றேன்.

"வரலியே."

"வரல," என்றார் விசில். "சரி, போ."